சிங்கப்பூர் வேலைக்காலத்தில் உடம்பைக் குறைக்க: ஜிம்மா, நீச்சல் குளமா, பூங்காவா, சாப்பாடா?

வேலை அனுமதியில் சிங்கப்பூர் வந்து ஆறேழு மாதம் ஆனதும் நம்மவர்களிடையே அடிக்கடி கிளம்பும் பேச்சு இது. பேன்ட் இடுப்பில் இறுகுகிறது. கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டு நிற்கிறது. வீடியோ காலில் பார்க்கும் அம்மா மட்டும் ‘நல்லா பூசினாப்ல இருக்கே’ என்று சந்தோஷப்படுகிறார். அப்புறம் யோசனை தொடங்குகிறது: ஜிம்மில் பணம் கட்டலாமா, காலையில் எழுந்து ஓடலாமா, நீச்சல் கற்றுக்கொள்ளலாமா, இல்லை சோற்றைக் குறைத்தாலே போதுமா?

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடை இறங்குவது பெரும்பாலும் சாப்பாட்டில்தான். உடற்பயிற்சி உடம்புக்குத் தெம்பு தரும், தசையைக் காப்பாற்றும், இறங்கிய எடை மறுபடி ஏறாமல் பிடித்து வைக்கும். அந்தப் பயிற்சியை எங்கே செய்வது என்று முடிவெடுக்கும்போது எந்த இடத்தில் வசதி அதிகம் என்று பார்க்காதீர்கள். எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வாடகை அறையில் இருந்துகொண்டு, எட்டரை மணிக்கு வேலை முடிந்து வருகிற ஒருவருக்கு இதைவிடப் பெரிய அளவுகோல் இல்லை.

இது அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்காக எழுதுவது. கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் நாள் முழுக்க வெயிலில் உழைக்கும் நம் தம்பிகளுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு வேண்டியது சூடான நல்ல சாப்பாடும் தூக்கமும்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆசியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 23ஐத் தாண்டினாலே சர்க்கரை, இதய நோய் அபாயம் கூடத் தொடங்குகிறது, 27.5ஐத் தாண்டினால் அபாயம் அதிகம் என்ற கணக்கைத்தான் சிங்கப்பூர் பின்பற்றுகிறது. 170 சென்டிமீட்டர் உயரமும் 78 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு பிஎம்ஐ 27. பார்க்க அவர் குண்டாகத் தெரியமாட்டார். ஆனால் நம் தெற்காசிய உடம்பில் கொழுப்பு கை காலில் சேர்வதைவிட வயிற்றுக்குள் சேர்வது அதிகம். அதனால் எடையோடு இடுப்பளவையும் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. மேலே சொன்ன அந்த ஆள் 66 கிலோவுக்கு இறங்கினால்தான் பிஎம்ஐ 23க்குக் கீழே வரும். அதைக் கேட்டு மலைத்துப்போக வேண்டாம். நாலைந்து கிலோ குறைந்தாலே ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் மாற்றம் தெரியும்.

சாப்பாடு: மூன்று வழிகள்

ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. 75 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் செலவாவது சுமார் 250 கலோரி. காப்பிக்கடையில் சாதாரணமாக ‘கோப்பி’ என்று கேட்டால் கிடைப்பது சர்க்கரையும் கண்டன்ஸ்டு மில்க்கும் கலந்தது. ஒரு கோப்பை 100 கலோரியைத் தாண்டிவிடும். காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று என்று குடிப்பவருக்கு ஒரு மணி நேர நடை அதிலேயே கரைந்துபோகிறது. எனவே மாற்ற வேண்டிய முதல் விஷயம் இதுதான், இதற்கு ஒரு காசு செலவும் இல்லை. ‘கோப்பி ஓ கோசோங்’ என்றால் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பால் இல்லாமல் முடியாது என்பவர்கள் ‘கோப்பி சி கோசோங்’ கேட்கலாம், அதில் எவாப்பரேட்டட் பால் மட்டும் இருக்கும். ஒரேயடியாக விட முடியாதவர்கள் ‘சியூ தாய்’ என்று சொல்லிச் சர்க்கரையைக் குறைத்து வாங்கி, இரண்டு வாரம் கழித்து கோசோங்குக்கு மாறலாம். தேநீருக்கும் இதே கணக்குதான். டின், பாட்டில் பானங்களில் 2022 டிசம்பர் கடைசியிலிருந்து, சர்க்கரை, கொழுப்பு அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை தரம் காட்டும் நியூட்ரி-கிரேடு முத்திரை உண்டு, ஒரு வருடம் கழித்து பெரிய கடைகளில் கலந்து தரும் பானங்களுக்கும் அது வந்துவிட்டது. சி, டி என்று போட்டிருந்தால் அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

சாப்பாட்டுக்கு வருவோம். இங்கே இருப்பவருக்கு மூன்று வழி: உணவங்காடியில் சாப்பிடுவது, தானே சமைப்பது, வீட்டுச் சாப்பாடு போட்டுக்கொடுப்பவரிடம் மாதக் கணக்கில் வாங்குவது.

உணவங்காடிகளைப் பற்றி நம்மவர்களிடம் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது, வெளிச் சாப்பாடு என்றாலே எடை ஏறும் என்று. லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையத்தில் பிரியாணியும் இரவு பதினொரு மணிக்கு இரண்டு முட்டைப் பராட்டாவும் என்றால் ஏறத்தான் செய்யும். ஆனால் அதே கூரைக்குக் கீழே, எடை குறைப்பவருக்கென்றே செய்து வைத்தது மாதிரிச் சில கடைகளும் இருக்கின்றன. மீன் சூப் கடையில் தெளிந்த சூப்பில் மீன் துண்டுகளும் கீரையும் தக்காளியும் வரும், பசியும் அடங்கும், எண்ணெயும் குறைவு. யோங் தாவ் ஃபூ கடையில் கிண்ணத்தை எடுத்து நீங்களே டோஃபு, காளான், வெண்டைக்காய், கீரை என்று பொறுக்கிக்கொள்ளலாம். பொரித்ததைத் தவிர்த்து, நூடுல்ஸ் வேண்டாம் என்று சொல்லி, சூப்போடு வாங்கினால் நல்ல மதியச் சாப்பாடு.

நாள்தோறும் நமக்குச் சரிப்படுவது எக்கனாமி ரைஸ் கடை. கண்ணாடிக்குப் பின்னால் இருபது முப்பது தட்டுகள் வரிசையாக இருக்கும். விரலால் காட்டினால் கடைக்கார ஆன்ட்டி மின்னல் வேகத்தில் அள்ளிப் போட்டுவிடுவார், யோசிக்க நேரம் கிடைக்காது. அதனால் வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்: கீரை ஒன்று, காய் ஒன்று, ஆவியில் வெந்த முட்டையோ மீனோ கோழியோ ஒன்று. முதல் வார்த்தையே ‘லெஸ் ரைஸ், நோ கிரேவி’ என்று இருக்கட்டும். சோற்றைப் போட்ட பிறகு சொன்னால் பயன் இல்லை, ஒரு கரண்டிக் குழம்பு அதற்குள் மேலே விழுந்திருக்கும். அந்தக் குழம்பில்தான் எண்ணெயும் உப்பும் மாவும்.

சைவர்களுக்கு இது கொஞ்சம் சிரமம்தான், அதை மறைக்க விரும்பவில்லை. யோங் தாவ் ஃபூ துண்டுகள் பலவற்றில் மீன் விழுது அடைத்திருப்பார்கள், சூப்பும் நெத்திலியில் கொதித்ததாக இருக்கும். பல காப்பிக்கடைகளில் சீன பௌத்த சைவக் கடை ஒன்று இருக்கும். அங்கே கிடைப்பதில் பாதி, பொரித்த மாவுப் பண்டமும் போலி இறைச்சியும். கீரை, முட்டைக்கோஸ், தவ்குவா (கெட்டி டோஃபு) என்று தேடி எடுக்க வேண்டும். இந்தியக் கடை என்றால் பராட்டாவை விட்டுவிட்டு இரண்டு தோசை அல்லது இட்லி, சாம்பார் இன்னொரு கரண்டி. சைவர்கள் வாரத்தில் பெரும்பாலான நாள் தாங்களே சமைப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

சமைப்பது என்றதும் அறை வாடகை விஷயம் வந்துவிடுகிறது. இங்கே அறை விளம்பரங்களில் ‘சமையலுக்கு அனுமதி இல்லை’, ‘லைட் குக்கிங் மட்டும்’ என்று போட்டிருப்பார்கள். லைட் குக்கிங் என்றால் நூடுல்ஸ் வேக வைக்கலாம், முட்டை அவிக்கலாம், தாளிக்கக் கூடாது. நீண்ட நாள் தங்கப் போகிறவர்கள் அறை பார்க்கும்போதே இதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வது உடம்புக்குச் செய்யும் முதல் உதவி. மாதம் ஐம்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதலானாலும் முழுச் சமையலுக்கு அனுமதியுள்ள அறையைத்தான் நான் சொல்வேன். அந்தக் காசை ஜிம்மில் கட்டுவதைவிட இங்கே கட்டுவதில் பலன் அதிகம்.

தாளிக்க முடியாத அறையிலும் ஒரு ரைஸ் குக்கர் இருந்தால் நிறையச் செய்யலாம். பருப்பும் கீரையும் ஒன்றாக வேகும், மேல்தட்டில் முட்டையோ மீனோ ஆவியில் வேகும். அளவு மட்டும் கவனம். குக்கரோடு வரும் அந்த பிளாஸ்டிக் குவளையில் ஒரு குவளை அரிசி 150 கிராம், வேகும்போது 540 கலோரி. தனியாள் இரவுச் சாப்பாட்டுக்கு அதில் பாதி போதும். மீதித் தட்டை வேறு எதாவது நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் பத்து மணிக்குப் பசித்து பிஸ்கட் பாக்கெட்டைத் தேடுவோம். சிங்கப்பூர் நமக்குக் கொடுக்கும் நல்ல பொருள்களில் தவ்குவாவும் டெம்பேயும் (புளிக்கவைத்த சோயாக் கட்டி) முக்கியமானவை, விலையும் மலிவு. தவ்குவாவைச் சதுரமாக வெட்டிப் புளிக்குழம்பிலோ மிளகுக் குழம்பிலோ போட்டுக் கொதிக்கவிட்டால் பன்னீரைவிட நன்றாகச் சாறு ஏறும், புரதமும் கிடைக்கும். தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை, வாழைப்பூ, புடலங்காய் எல்லாம் ஊரில் கிடைப்பது போலவே கிடைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை போகும்போது ஒரு வாரத்துக்கு வாங்கி வைக்கலாம். ஃப்ரீசரில் உறைந்த பராட்டா பாக்கெட் மட்டும் வீட்டுக்கு வரவே கூடாது. இருந்தால் சாப்பிடுவோம்.

மூன்றாவது வழியான மாதச் சாப்பாடு சுமார்தான். ருசி நம்முடையது, நேரம் மிச்சம். ஆனால் டப்பாவில் முக்கால் பங்கு சோறு, ஒரு கூட்டு, ஒரு குழம்பு, ஒரு அப்பளம் என்றுதான் பெரும்பாலும் வரும். சோறு பாதியும் காய் இரட்டிப்பும் தரமுடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து சமைத்துக் கொடுக்கும் அக்காக்கள் கேட்டால் மாற்றித் தருவார்கள், பெரிய கேட்டரிங்காரர்களிடம் அது நடக்காது.

வெளியே நடப்பதும் ஓடுவதும்

பயிற்சி என்று வரும்போது ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்விகளால் சோதித்துப் பார்க்கலாம். மழை வந்தால் என்ன ஆகும்? வேலை தாமதமானால் என்ன ஆகும்? வீடு மாறினால் என்ன ஆகும்? மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. ஆனால் வாடகைக்கு இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை பொங்கோலிலிருந்து ஜூரோங்குக்கும், ஜூரோங்கிலிருந்து ஈசூனுக்கும் மாறிக்கொண்டே இருக்கிறோம்.

மூன்றிலும் நன்றாகத் தேறுவது நடைதான், மழை ஒன்றைத் தவிர. இந்தச் சின்னத் தீவில் பூங்கா இணைப்புப் பாதைகள் மட்டுமே 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. பெரும்பாலான பேட்டைகளில் நடந்துபோகும் தூரத்தில் ஒன்று கிடைக்கும். பொங்கோலில் நீர்வழியோரம், பீஷானில் சிமென்ட் கால்வாயை மீட்டு ஆறாக்கிய காலாங் ஆற்றோரம், கிழக்கே 15 கிலோமீட்டர் கடற்கரைப் பூங்கா. தஞ்சோங் பகாருக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையில் மலேசிய ரயில் 2011 வரை ஓடிய 24 கிலோமீட்டர் தடத்தின் பெரும்பகுதி இப்போது நடைபாதையாக இருக்கிறது. தரை மண்ணும் சரளையுமாக இருக்கும் இடங்களில் முழங்காலுக்கு இதம். ஏறிப் பழக வேண்டும் என்றால் புக்கிட் தீமா. 163 மீட்டர்தான், ஆனால் தார்ச்சாலை செங்குத்தாக ஏறும்போது மூச்சு வாங்கிவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. இரவு பத்து மணிக்குத் தனியாக, காதில் பாட்டு வைத்துக்கொண்டு, யாரும் திரும்பிப் பார்க்காமல் ஐந்து கிலோமீட்டர் நடந்து வரக்கூடிய வாய்ப்பு நம் ஊரில் எத்தனை பேருக்குக் கிடைத்தது? இங்கே அது தினமும் கிடைக்கிறது. எந்த ஜிம் உறுப்பினர் அட்டையும் அதற்கு ஈடாகாது. இங்கே இருக்கும் காலத்தில் அதை விட்டுவிடாதீர்கள்.

நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். சூரியன் வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது, ஏழு மணியை ஒட்டியே மறைகிறது. காலை ஆறரைக்கு இருட்டும் குளுமையும் இருக்கும். ஓடுபவர்களுக்கு அதுதான் நேரம். மாலை ஏழரைக்கு வெயில் இருக்காது, ஆனால் காற்றில் ஈரம் அப்படியே நிற்கும், வியர்வை உலராது. ஊரில் ஓடிய வேகத்தில் இங்கே ஓட முடியாமல் போவது ஈரப்பதத்தால்தான், உடம்பில் குறை இல்லை. வேகத்தைக் குறைத்து முதல் இரண்டு மூன்று வாரம் உடம்பைப் பழகவிடுங்கள். புகைமூட்டம் வரும் மாதங்களில் காற்றுத்தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே ஓடுவதை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் எதையாவது செய்யலாம்.

தனியாக ஓடப் பிடிக்காதவர்களுக்கு பார்க்ரன் இருக்கிறது. சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, வெஸ்ட் கோஸ்ட் பூங்கா, பீஷான்-அங் மோ கியோ பூங்கா போன்ற இடங்களில் 5 கிலோமீட்டர், இலவசம். ஒருமுறை இணையத்தில் பதிந்து பார்கோடு எடுத்துக்கொண்டால் எந்த ஊர் பார்க்ரனிலும் அது செல்லும். முழுக்க நடந்தே முடிப்பவர்களும் வருகிறார்கள், கடைசியாக வருபவருக்காக ஒருவர் பின்னாலேயே நடந்து வருவார். சுகாதார மேம்பாட்டு வாரியம் பூங்காக்களிலும் கடைத்தொகுதிகளிலும் நடத்தும் இலவச வகுப்புகளை ஹெல்தி 365 செயலியில் தேடலாம்.

நடையில் ஒரு குறை உண்டு. நடை மட்டும் போதாது. சாப்பாட்டைக் குறைத்து எடை இறக்கும்போது கொழுப்போடு தசையும் போகும், தசையைக் காக்கப் பளு வேண்டும். உலகச் சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியோடு, இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி சேரட்டும் என்கிறது. அதற்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளுக்குக் கீழேயே உடற்பயிற்சி மூலை இருக்கிறது. தொங்கிப் பழகக் கம்பி, இணைக்கம்பி, வயிற்றுக்குச் சாய்வுப் பலகை. நடை முடிந்து லிஃப்டுக்குப் போகும் வழியில் பதினைந்து நிமிடம் தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்குதல். புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் மூன்று மாதத்துக்கு இது தாராளமாகப் போதும்.

நீச்சல் குளம்

பொதுக் குளங்கள் சிங்கப்பூரின் பெரிய சொத்து. ஸ்போர்ட் சிங்கப்பூர் நடத்தும் ஆக்டிவ்எஸ்ஜி குளங்களில் நுழைவுக் கட்டணம் ஓரிரு வெள்ளியில் முடிந்துவிடும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் குறைவு, நமக்குக் கொஞ்சம் கூட. 50 மீட்டர் குளம், சுத்தமான தண்ணீர், இரவு ஒன்பது மணி தாண்டியும் திறந்திருக்கும். 90 கிலோவைத் தாண்டியவர்கள், முழங்கால் வலிப்பவர்கள், ஓடவே கூடாது என்று மருத்துவர் சொன்னவர்கள் மூவருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். தண்ணீரில் மூட்டுக்குச் சுமை மிகக் குறைவு, வியர்வைப் புழுக்கமும் இல்லை.

நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. தெரியாதவர்களும் மார்பளவுத் தண்ணீரில் அரை மணி நேரம் நடக்கலாம், அதுவே நல்ல பயிற்சி. பெரியவர்களுக்கு வகுப்பு உண்டு, இரண்டு மூன்று மாதத்தில் ஒரு நீளம் போகுமளவுக்கு வந்துவிடலாம். உடை பற்றிப் பெண்கள் தயங்க வேண்டியதில்லை. கையும் காலும் முழுக்க மூடும் நீச்சல் உடையில் வருபவர்களைக் குளங்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். பருத்திச் சட்டையோடு மட்டும் இறங்க விடமாட்டார்கள்.

குளத்தின் பலவீனம் இடி. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மூன்று நாலு மணிக்கு வானம் கறுக்கும். இடி எச்சரிக்கை வந்ததும் உயிர்காப்பாளர் விசில் ஊதி எல்லோரையும் கரையேற்றிவிடுவார். பையன்களும் தாத்தாக்களும் துண்டைப் போர்த்திக்கொண்டு கூரைக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பார்கள். அரை மணி நேரம் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். வார இறுதியில் போவதானால் காலை நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். குளங்களை வாரத்தில் ஒரு நாள் பராமரிப்புக்கு மூடுவதுண்டு, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குளித்து வந்ததும் பசி பிய்த்தெடுக்கும் என்பது இன்னொன்று. கையில் ஒரு ஆப்பிளோ அவித்த முட்டையோ இல்லாமல் குளத்துக்குப் போகாதீர்கள், பக்கத்திலேயே காப்பிக்கடை இருக்கும்.

பொது ஜிம், தனியார் ஜிம்

பளு தூக்கி முறையாக வளர வேண்டும் என்பவர்களுக்கு உடற்பயிற்சி மூலை ஒரு கட்டத்துக்கு மேல் போதாது. அப்போது இரண்டு வழி.

ஆக்டிவ்எஸ்ஜி ஜிம்களில் ஒருமுறை போவதற்குச் சில வெள்ளிகள் கொடுத்து உள்ளே போகலாம், ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை. பல ஜிம்கள் குளத்தின் பக்கத்திலேயே இருப்பதால் பளு முடித்து நீந்தியும் வரலாம். மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை கூட்டம் தாங்காது, ஒரு பெஞ்சுக்கு நாலு பேர் நிற்பார்கள். காலையில் போகமுடிந்தவர்களுக்கு இது அருமையான இடம்.

தனியார் ஜிம்முக்கு மாதம் நூறு வெள்ளியை ஒட்டி ஆகும். 24 மணி நேர ஜிம்கள் பல எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. இரவு பதினொன்றுக்கு வேலை முடிப்பவருக்கும், அமெரிக்க நேரத்தில் வேலை பார்ப்பவருக்கும் அது பெரிய வசதி. பல கிளைகள் உள்ள நிறுவனமானால் வீடு மாறினாலும் கவலை இல்லை. ஏசி இருப்பதால் மழை, புகை எதுவும் தடையில்லை. இதெல்லாம் உண்மை.

ஆனால் கையெழுத்து போடும் முன் ஒப்பந்தத்தை ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். பெரும்பாலும் 12 மாதக் கட்டாயம் இருக்கும். வேலை அனுமதியில் இருப்பவருக்கு வேலை போனால் நாட்டை விட்டே கிளம்ப வேண்டியிருக்கும். அப்படிப் போனால் உறுப்பினர் கட்டணத்தை நிறுத்துவார்களா, அதற்கு என்ன ஆதாரம் கேட்பார்கள், ஊருக்கு விடுப்பில் போகும் மாதத்தில் நிறுத்தி வைக்க முடியுமா என்ற மூன்றையும் எழுத்தில் பார்க்க வேண்டும். முன்கூட்டியே இரண்டு வருடப் பணம் கட்டினால் பெரிய தள்ளுபடி என்பார்கள். 2016ல் சிங்கப்பூரில் பல கிளைகள் நடத்திய ஒரு பெரிய ஜிம் நிறுவனம் திடீரென்று மூடிவிட்டது, முன்பணம் கட்டிய ஆயிரக்கணக்கானோர் தவித்தார்கள். மாதாமாதம் கட்டுவதே நல்லது, விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. அதுவும் மூன்று மாதம் பொது ஜிம்முக்கோ உடற்பயிற்சி மூலைக்கோ விடாமல் போய்ப் பழகிய பிறகு கட்டினால் போதும். பணம் கட்டினால் போய்விடுவோம் என்ற நினைப்பில் கட்டுபவர்களை நம்பித்தான் அந்த வியாபாரமே நடக்கிறது.

காண்டோவில் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில்) அறை கிடைத்தவர்களுக்கு இந்தச் செலவே வேண்டாம். கீழேயே சின்ன ஜிம்மும் குளமும் இருக்கும், வாடகையில் அதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம்.

பேட்மின்டன்

நம்மவர்களுக்குப் பிடித்த விளையாட்டு. சமூக மன்றக் கூடத்தில் கோர்ட் எடுத்து எட்டுப் பேர் சேர்ந்து ஆடினால் தலைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. தனியாக அறையில் கிடப்பவருக்கு நாலு பேரோடு சிரித்துப் பேசக் கிடைப்பதும் இங்கேதான். குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு எடையைவிட முக்கியம் என்றுகூட நினைக்கிறேன். எடை குறைக்கும் வழியாக மட்டும் பார்த்தால் மதிப்பெண் குறைவு. எட்டுப் பேருக்கு ஒரு கோர்ட் என்றால் இரண்டு மணி நேரத்தில் பாதி நேரம் வெளியே உட்கார்ந்திருப்போம். ஆட்டம் முடிந்ததும் கூட்டமாகப் பராட்டாக் கடைக்குப் போவது வழக்கமாகிவிடும். நாற்பதை நெருங்குபவர்கள் திடீரென்று இறங்கி ஆடினால் குதிகால் தசைநாரும் முழங்காலும் முதல் மாதத்திலேயே போகக்கூடும். இதை வாரம் ஒருமுறை சந்தோஷத்துக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாள் நடையும் பளுவும் செய்வதுதான் சரி.

யாருக்கு எது

நிலையத்திலிருந்து வீட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை இருக்கும் இடத்தில் குடியிருக்கும், உடம்பில் வேறு நோய் எதுவும் இல்லாத முப்பது வயதுக்காரருக்கு: முழுச் சமையல் அறை, கோசோங், ஒரு நிலையம் முன்னாலேயே இறங்கி நடை, வாரம் இரண்டு நாள் உடற்பயிற்சி மூலை. பயிற்சிக்கென்று மாதச் செலவு எதுவும் கிடையாது. மூன்று மாதம் கழித்து ஆசை வந்தால் ஜிம். 90 கிலோவுக்கு மேல், முழங்கால் வலி என்றால் நடையைப் பாதியாகக் குறைத்து அந்த நேரத்தைக் குளத்துக்குக் கொடுக்கலாம். இரவு வேலைக்காரருக்கு 24 மணி நேர ஜிம் காசுக்குத் தகுந்தது. ஆனால் அவர் முதலில் சரிசெய்ய வேண்டியது விடியற்காலை மூன்று மணிச் சாப்பாட்டை. கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் தாய்மார்களுக்குத் தள்ளுவண்டியோடு பூங்கா நடையும், குழந்தை தூங்கும்போது வீட்டிலேயே இருபது நிமிடப் பயிற்சியும் போதும். பிரசவத்துக்கு உதவ ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவையும் அந்த நடைக்குக் கூட்டிப்போனால் அவருக்கும் நாலு சுவருக்குள் அடைபட்ட உணர்வு போகும்.

விரைவாகக் குறைப்பது பற்றி யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். வாரம் அரைக் கிலோ என்ற கணக்கில் போனால் அரை வருடத்தில் பத்துக் கிலோ தாண்டும், தசையும் அதிகம் போகாது. வாரம் ஒரே நாள், காலையில் கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு எடை பார்த்துக் குறித்து வையுங்கள். தினமும் பார்த்தால் உப்பும் தண்ணீரும் ஏற்றி இறக்கி மனசைக் கெடுக்கும். இடுப்பளவை மாதம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து எடுக்கலாம். பளு தூக்கத் தொடங்கிய மாதத்தில் எடை நின்றுபோய் இடுப்பு மட்டும் குறையும், அப்போது அந்த டேப்தான் கைகொடுக்கும்.

ஊர் விடுப்பு வந்தால் மூன்று வாரத்தில் இரண்டு மூன்று கிலோ ஏறித்தான் வருவோம். அம்மா சமையலைத் தள்ளிவைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாப்பிடுங்கள். காலை நடையை மட்டும் அங்கேயும் விடாமல் இருந்தால், திரும்பி வந்த மறுவாரமே பழைய வரிசைக்கு வந்துவிடலாம்.

சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். சில சர்க்கரை மாத்திரைகளோடு சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோகும், மாத்திரை அளவைத்தான் முதலில் மாற்ற வேண்டியிருக்கும். கம்பெனி காப்பீட்டில் வரும் கிளினிக்கிலேயே கேட்கலாம். கடைசியாக எடுத்த பரிசோதனைத் தாளையும், ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப்போங்கள். இங்கே அதே மருந்துக்கு வேறு பெயர் இருக்கும்.